கதிரொளியும் கருந்தோலும்: திருகோணமலையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

துறைமுகப் பட்டினமொன்றின் வரலாற்றைக் கோட்டைகளையும் கப்பல்களையும் கொண்டு எழுதுதல் வழக்கம். திருகோணமலையின் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. போர்த்துக்கேயர் வந்தமையும், ஒல்லாந்தர் கோட்டை 1795இல் ஆங்கிலேயர் கைப்பட்டமையும், 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய வானூர்திகள் குண்டு பொழிந்தமையும் நாம் நன்கறிந்தவை. ஆயின் வீட்டின் உள்ளறைக்குள் அரவமின்றிப் புகுந்த சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு. அவற்றுள் ஒன்று, வீட்டிலிருந்தவாறே தோலின்மேல் ஒளியைப் பாய்ச்சி உரோமம் அகற்றும் கருவி. வெளிநாட்டிலுள்ள உறவினர் பயணப்பெட்டியிற் கொண்டுவருவதும் இணையவழி விலைக்கு வாங்கப்படுவதுமாகிய இக்கருவி எவ்வாறு தோன்றியது, யாருடைய தோலை அளவுகோலாகக் கொண்டு உருவாயிற்று, நம் பகுதி மக்கள் இதனைத் தெரிந்தெடுக்குமுன் எவற்றை நோக்குதல் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமம் களைதல் இம்மாவட்டத்தவர்க்குப் புதியதன்று. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளின் அருகே முப்பத்தோராம் நாட் கடனாற்ற வருவோர் முகம் மழித்து நீராடுதல் மரபு. கிண்ணியா, மூதூர் முதலான ஊர்களில் வாழும் முஸ்லிம் மக்களிடையே உடலின் சில பகுதிகளின் உரோமத்தை நாற்பது நாட்களுக்கு மேற்படாது களைதல் தூய்மை ஒழுக்கமாகப் போற்றப்படுகின்றது. தமிழ்ப் பெண்கள் மஞ்சள் பூசிக் குளித்தமைக்கு உரோம வளர்ச்சி குன்றும் என்ற நம்பிக்கையும் ஒரு காரணமாகும். மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு 2020இல் அதன் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, சமையலறையைப் போலவே குளியலறையும் அதன் அருமையை உணர்ந்தது.

மருத்துவ நூல்களிலும் இதற்குச் சான்று உண்டு. புண்ணாற்றும் முறைகளை விரித்துரைக்கும் சுசுருத சங்கிதை, புண்ணைச் சூழ்ந்த உரோமத்தை அகற்றுதலையும் அம்முறைகளுள் ஒன்றாக வைத்தெண்ணுகின்றது. சங்கச் சுண்ணம் இரு பங்கும் அரிதாரம் ஒரு பங்கும் சேர்த்துப் புளித்த காடியில் அரைத்துப் பூசுமாறு அது விதிக்கின்றது. காரமும் கந்தகச் சேர்வையும் கூடி உரோமத்தின் புரதத்தைக் கரைக்கும் என்பதே இதன் அடிப்படை. இன்று கடைகளில் விற்கப்படும் உரோமநீக்கிக் களிம்புகளும் இதே தத்துவத்தின்பாற் பட்டனவே. அரிதாரம் ஆசனிக்கு அடங்கிய நஞ்சு என்பதால், அம்முறையை இன்று எவரும் கைக்கொள்ளல் ஆகாது.

சவரக்கத்தியின் பரம்பலோடு துறைமுகத்துக்கு நேரான தொடர்பு உண்டு. பிரித்தானியக் கடற்படையில் அனுமதி பெற்றோர் தாடியும் மீசையும் சேர வளர்க்கலாம். மீசையை மட்டும் வைத்தல் விதிக்கு மாறு. எனவே, 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்படும்வரை கடற்படைத் தளமாய் விளங்கிய இத்துறைமுகத்திலே, சவரம் மாலுமியின் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாயிருந்தது. ஜில்லெற் நிறுவனம் 1903இல் விற்ற காப்புச் சவரக்கத்திகள் 51 மட்டுமே. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1915இல், அந்நிறுவனம் பெண்களுக்கெனத் தனிக் கத்தியொன்றை வெளியிட்டது. பெண்ணின் உடலுரோமம் நாணத்தக்க ஒன்று என்னும் எண்ணத்தை வளர்த்ததில் அக்கால விளம்பரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நாம் இன்று இயல்பான விருப்பமெனக் கருதுவதன் ஒரு பகுதி, வணிகர் விதைத்த விருப்பம் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

கத்தி வேரைத் தீண்டாது. வேரையே அழிக்கும் வழியைத் தேடியவர்களுள் அமெரிக்கக் கண்மருத்துவர் சார்ள்ஸ் மிச்செல் முன்னோடி. உட்புறம் வளைந்து கண்ணை உறுத்தும் இமைமயிரை மின்னூசியால் அழிக்கும் முறையை அவர் 1875இல் வெளியிட்டார். 1895இல் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலேயே வியன்னா மருத்துவர் லியோபோல்ட் பிறொயிண்ட், உரோமம் அடர்ந்த மச்சமுடைய ஒரு சிறுமிக்கு அக்கதிரைப் பாய்ச்சினார். உரோமம் உதிர்ந்தது, பின்னர் அவ்விடம் புண்ணாயிற்று. எனினும் 1920களில் அமெரிக்காவில் அல்பேட் கைசர் என்னும் மருத்துவர் அமைத்த ‘றிக்கோ’ என்ற எக்ஸ் கதிர்ப் பொறி அழகு நிலையங்கள் பலவற்றில் நிறுவப்பட்டது. நோவில்லை, தழும்பில்லை என்ற உறுதிமொழியை நம்பிப் பெண்கள் பலர் அப்பொறியின் முன் அமர்ந்தனர். பின்னாளில் தோற்சுருக்கமும் ஆறாப் புண்ணும் புற்றுநோயும் தோன்றின. இன்றைய ஒளிக்கருவிகள் எக்ஸ் கதிரை வெளிவிடுவன அல்ல. ஆதலின் இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் தவறு. ஆயினும் விற்பவர் தரும் உறுதிமொழியைத் தோல் எப்பொழுதும் ஏற்பதில்லை என்ற பாடம் அன்றே கற்பிக்கப்பட்டுவிட்டது.

1960 மே 16ஆம் நாள் தியடோர் மைமன், மாணிக்கக் கோலொன்றைப் பளிச்சு விளக்கால் ஒளியூட்டி முதலாவது லேசரை இயக்கினார். 1983இல் றொக்ஸ் அன்டர்சனும் ஜோன் பரிஷும் ஒரு தத்துவத்தை வகுத்தனர். ஒரு நிறப்பொருள் விரும்பி உறிஞ்சும் அலைநீளத்தைத் தெரிந்து, வெப்பம் அயலிடம் பரவுமுன் முடிந்துவிடும் குறுந்துடிப்பாகப் பாய்ச்சினால், அந்நிறப்பொருள் உள்ள இடம் மட்டுமே சிதையும் என்பது அதன் சாரம். உரோமத்தில் அந்நிறப்பொருள் மெலனின். அது ஒளியை ஏற்று வெப்பமாக்க, அவ்வெப்பம் உரோமம் முளைத்தெழும் சிறு பையாகிய மயிர்ப்புடைப்பைத் தாக்குகின்றது. மாணிக்க லேசர் கொண்டு இதனை மெய்ப்பித்து 1996இல் வெளியான ஆய்வு 13 பேரிடம் நிகழ்த்தப்பட்டது. அவர்கள் வெளிர்நிறத் தோலும் கருநிற உரோமமும் உடையோர். வீட்டுப் பாவனைக்கான லேசர்க் கருவியொன்றுக்கு அமெரிக்கா 2008இல் அனுமதி வழங்கியது. இன்று வீடுகளிற் பெரிதும் வழங்குவது லேசர் அன்று, ‘ஐ.பி.எல்.’ எனப் பெட்டிமீது குறிக்கப்படும், பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளிக் கருவியே.

இங்கேதான் நமக்குரிய சிக்கல் எழுகின்றது. மெலனின் உரோமத்தில் மட்டுமன்றி மேற்றோலிலும் உண்டு. கொட்டியாரக் குடாவில் வலை இழுப்பவரை வெயிலிலிருந்து காக்கும் அதே பொருள், கருவியின் ஒளியையும் தன்பால் ஈர்த்துக்கொள்கின்றது. உரோமத்துக்கென விடுத்த ஒளியைத் தோலே ஏற்குமிடத்து எரிகாயமும் கரும்படலமும் வெண்டிட்டும் உண்டாகலாம். இக்கருவிகளின் பெட்டியிற் காணப்படும் ஆறுவகைத் தோல் அட்டவணைக்கும் ஒரு வரலாறு உண்டு. தோமஸ் பிற்ஸ்பற்றிக் 1975இல் அதனை வகுத்தபோது வெண்டோலினரின் நான்கு வகைகளே அதில் இடம்பெற்றன. பழுப்புத் தோலும் கருந்தோலும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பின்னரே சேர்க்கப்பட்டன. நம் மாவட்டத்தவருட் பெரும்பாலோர் அவ்வட்டவணையின் பிற்பாதியில் அடங்குவர். எனவே, “இக்கருவி உமது தோலுக்குப் பொருந்தாது” என்று கைந்நூல் கூறுமிடத்து, குறை தோலினுடையது என எவரும் எண்ணுதல் வேண்டா. கருவி வேறு தோலுக்கென ஆக்கப்பட்டது என்பதே அதன் பொருள்.

ஆதலின் தெரிந்தெடுப்போர் விலையை நோக்குமுன் அட்டவணையை நோக்குதல் வேண்டும். பெரும்பாலான பளிச்சொளிக் கருவிகள் ஆறாம் வகைக்கு உகந்தன அல்ல; ஐந்தாம் வகையை ஏற்பனவும் தாழ்ந்த வலுவிலேயே ஏற்கின்றன. தோலின் நிறத்தை உணர்ந்து, பொருந்தாவிடத்து ஒளிவிடாது நின்றுவிடும் உணரியுள்ள கருவியையே கொள்ளல் வேண்டும். கருந்தோலினர்க்கு, தோல்மருத்துவர் கையிலுள்ள 1064 நனோமீற்றர் அலைநீள லேசரே ஒப்பீட்டளவிற் பாதுகாப்பானது. அவ்வலைநீளத்தை மேற்றோலின் மெலனின் குறைவாக உறிஞ்சுகின்றது. மேலும், கனடாவிலுள்ள உறவினர் அனுப்பும் கருவி 120 வோல்ற்றுக்கு மட்டும் ஆக்கப்பட்டதாயின் நமது 230 வோல்ற்று மின்னில் அது கெடும். மின்னேற்பியில் இரண்டு அளவுகளும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் நன்று. நரையையும் செம்மயிரையும் எக்கருவியாலும் பயனுற நீக்கவியலாது. ஒளியை ஏற்கவேண்டிய மெலனின் அவற்றிற் போதியதாக இல்லை.

பயன்படுத்துமிடத்துக் காலமும் கருதற்பாலது. வெயிலிற் கருகிய தோலின்மேல் ஒளி பாய்ச்சலாகாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் வெயிலிற் திரிவோர் அதனைத் தவிர்த்து, வாடைக் காற்றோடு மாரி தொடங்கும் கார்த்திகை, மார்கழியில் தொடங்குதல் தக்கது. முதலில் உரோமத்தை மழித்தல் வேண்டும். பிடுங்கினால் ஒளியைப் பெறவேண்டிய வேரே இல்லாதொழியும். சிறிதளவு இடத்தில் மிகத் தாழ்ந்த வலுவிற் சோதித்து, ஒன்றிரண்டு நாள் பொறுத்த பின்னரே தொடர்தல் வேண்டும். கண்ணருகிலும் மச்சத்தின்மேலும் பச்சை குத்திய இடத்திலும் பாய்ச்சலாகாது. கருவுற்றோரும் ஒளிக்கூர்மையை மிகுவிக்கும் மருந்துண்போரும் மருத்துவரைக் கேளாது கருவியைத் தொடுதல் தகாது. வளர்நிலையிலுள்ள உரோமமே ஒளிக்கு இலக்காகும். ஒரே வேளையில் எல்லா உரோமமும் அந்நிலையில் இராமையால் பல அமர்வுகள் தேவைப்படுகின்றன. அமெரிக்க அதிகாரிகள் இதனை உரோமத்தின் ‘நிலையான குறைப்பு’ என்றே அனுமதித்துள்ளனர். முற்றாக ஒழித்தல் என்று கூறினாரல்லர். தெற்காசியர் சிலருக்கு, சிறப்பாக முகத்தில், ஒளி பட்டபின் உரோமம் முன்னிலும் மிகுந்தமையும் பதிவாகியுள்ளது.

இளம்பெண்ணொருத்தியின் முகத்தில் திடீரென உரோமம் மிகுமாயின், கருவி வாங்குமுன் மருத்துவரை நாடுதலே முறை. சூலகக் கட்டிநிலை போன்ற சுரப்புக் கோளாறுகள் அதற்குக் காரணமாகலாம். தோலின்மேற் பாய்ச்சும் ஒளி அவற்றைக் குணப்படுத்தாது.

உரோமத்தை நீக்குதலும் நீக்காது விடுதலும் அவரவர் உரிமை. நீக்க விழைவோர் தம் தோலை நன்கறிந்து, கருவி அத்தோலை அறியுமா என வினவித் தெளிந்த பின்னரே அதனைத் தம் வீட்டினுள் ஏற்பாராக. அட்டவணையில் நம் நிறத்துக்கு இறுதியிலேயே இடம் கிடைத்தது. இனி ஆக்கப்படும் கருவிகள் நம் தோலையும் தொடக்கத்திலிருந்தே கருத்திற் கொண்டு ஆக்கப்படுதல் வேண்டும் எனக் கேட்பதும், அதற்கான ஆய்வுகளை நம் பல்கலைக்கழகங்களிலேயே மேற்கொள்வதும் இத்துறை பயிலும் மாணவர்தம் கடனாகும்.