எல்லயில் தங்குவதா, அயலூரில் தங்குவதா?

பாடசாலை விடுமுறையும் நீண்ட வார இறுதியும் வந்துவிட்டால் எம்மவரில் பலர் குடும்பத்துடன் நாடிச் செல்லும் இடங்களுள் ஊவாவின் எல்ல முதன்மையானதாகிவிட்டது. 1921ஆம் ஆண்டு இரும்பின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுப்பப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம், லிட்டில் அடம்ஸ் பீக், எல்ல ரொக், இராவணன் நீர்வீழ்ச்சி என்பன யாவும் சில மைல் சுற்றளவுக்குள் அமைந்துள்ளன. பயணத்தைத் திட்டமிடும் குடும்பத்தின் முன் எழும் முதல் வினா, எல்ல நகரிலேயே அறை எடுப்பதா, பண்டாரவளை, பதுளை போன்ற அயலூர்களில் தங்கி வந்து பார்த்துச் செல்வதா என்பதாகும். செலவு மட்டுமன்றி உயிர்ப் பாதுகாப்பும் இதிலே தங்கியுள்ளமையால் இதனை விரிவாக நோக்குவது பயன்தரும் எனக் கருதுகின்றோம்.

இவ்வினா எமக்கு மட்டும் உரியதன்று. 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டபோது அதனைச் சூழ்ந்த காணிகள் பிறர் வசமிருந்தன. அங்கெல்லாம் விடுதிகள் பெருகின. அதிலிருந்து பாடம் கற்ற நிறுவனம், புளோரிடாவில் பரந்த நிலத்தை முன்கூட்டியே வாங்கி, 1971இல் பூங்காவைத் திறந்தபோது தனது வளாகத்துள்ளேயே விடுதிகளையும் அமைத்துக்கொண்டது. உள்ளே தங்குவோர் கூடுதலாகச் செலுத்தும் பணம், உண்மையில் நேரத்துக்கும் நடைச் சுருக்கத்துக்குமான விலையாகும். எல்லயின் கணக்கும் அதுவே. ஆனால் இங்கே மதிலும் இல்லை, வாயிற்கதவும் இல்லை. எனவே, கூடுதல் பணத்துக்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டியுள்ளது.

எல்லயில் தங்குவதன் உண்மையான பயன் அதிகாலைப் பொழுதாகும். வெயில் ஏறுமுன் லிட்டில் அடம்ஸ் பீக் ஏறுவதற்கும், கூட்டம் சேருமுன் பாலத்தைக் காண்பதற்கும் நகரில் தங்கியிருப்போருக்கே வாய்ப்பு அதிகம். இவ்விரண்டையும் நாடாத குடும்பம் எல்ல அறைக்கு மிகைப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. கைக்குழந்தையோ முழங்கால் வலியுடைய முதியவரோ உடன் வரின், அதிகாலை மலையேற்றம் பெரும்பாலும் பேச்சளவிலேயே நின்றுவிடும். அத்தோடு, எல்லயின் விடுதிகள் பல செங்குத்தான சரிவுகளில், படிகள் வழியே ஏற வேண்டிய நிலையில் உள்ளன. வாகனம் வாசல்வரை வருமா என்பதை முற்பதிவின்போதே கேட்டறிதல் வேண்டும்.

அயலூர்களுள் பண்டாரவளை எல்லயிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தூரத்திலும், மாகாணத் தலைநகரான பதுளை ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்திலும் உள்ளன. இரண்டும் உள்ளூர் மக்களின் வாழ்வுக்காக வளர்ந்த நகரங்கள். ஆதலால் மருந்தகம், சந்தை, சைவ உணவகம், ஜும்ஆப் பள்ளிவாசல், கோவில் யாவும் அங்கே உண்டு. பதுளையில் பெரிய அரச மருத்துவமனையும் உண்டு. எல்லயின் உணவகங்கள் பல வெளிநாட்டவரை மனத்திற்கொண்டு நடத்தப்படுபவை. மதுபானம் பரிமாறப்படும் இடத்தில் குடும்பத்துடன் அமர விரும்பாதோரும், ஹலால் உணவை உறுதிப்படுத்திக்கொள்ள விரும்புவோரும், தூய சைவ உணவை நாடுவோரும் அயலூரில் மன நிறைவோடு தங்கலாம். பயணத்தில் தொழுகையைச் சேர்க்கவும் சுருக்கவும் சலுகை உண்டாயினும், வெள்ளிக்கிழமையை உள்ளடக்கிய பயணமாயின் பள்ளிவாசல் உள்ள நகரில் தங்குவதே வசதியானது. விடுதி எதுவாயினும், தனியான குளியலறை உண்டா, சமைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்பவற்றையும் கேட்பது நன்று.

எத்திசையிலிருந்து வருகின்றோம் என்பதும் தெரிவைத் தீர்மானிக்கும். கொழும்பிலிருந்து பெலிஹுல்ஓயா, அப்புத்தளை வழியாக வருவோருக்குப் பண்டாரவளை வழியிலேயே உள்ளது. மட்டக்களப்பிலிருந்து மகியங்கனை வழியாக வருவோருக்குப் பதுளை பொருத்தமானது. மறுநாள் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியையும் கண்டு செல்லலாம். அக்கரைப்பற்று, பொத்துவில் பகுதியினர் மொனராகலை கடந்து வெல்லவாய வழியாகவோ பசறை வழியாகவோ மலையேறுவர். மாலையில் மொனராகலையை அடைவோர் இரவை அங்கேயே கழித்து, விடிந்த பின் மலையேறுவதே அறிவுடைமை.

செலவுக் கணக்கில் பலர் தவறவிடுவது ஒன்றுண்டு. அறை வாடகையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தல் போதாது. அயலூரில் தங்கினால் நாளாந்தம் போய்வரும் வாகனச் செலவையும், எல்லயில் தங்கினால் வேளைக்கு வேளை கூடும் உணவுச் செலவையும் சேர்த்தே கூட்டிப் பார்க்க வேண்டும். சொந்த வாகனமோ வாடகை வேனோ உள்ள பெரிய குடும்பத்துக்கு அயலூர் பெரும்பாலும் இலாபமாகும். பஸ்ஸிலும் முச்சக்கர வண்டியிலும் செல்லும் மூவர், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு எல்லயில் ஓர் இரவு தங்குவது சிலவேளை மலிவாகவும் அமையும். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாள் வேதனம் 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால், இந்தக் கூட்டல் கழித்தல் எம்மக்களுக்கு எத்துணை முக்கியமானது என்பது விளங்கும். வெளிநாட்டவர் திரளும் மாதங்களையும் நோன்மதி தினத்தை ஒட்டிய விடுமுறைகளையும் தவிர்த்து, வார நாட்களில் சென்றால் வாடகையைப் பேசிக் குறைக்கவும் இடமுண்டு.

இவ்விரண்டுக்கும் அப்பால், எங்கும் தங்காது ஒரே நாளில் போய்த் திரும்பும் வழக்கமும் எம்மிடையே உண்டு. மிச்சம் பிடிக்கும் நோக்கில் மேற்கொள்ளப்படும் இதுவே மிக அபாயகரமானது என்போம். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, சுற்றுலா முடித்துத் திரும்பிய தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் எல்ல – வெல்லவாய வீதியில் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். அதற்கு முன்னர் அதே ஆண்டு மே மாதம், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கி இரவில் புறப்பட்ட பஸ் கொத்மலை கெரண்டிஎல்ல பகுதியில் அதிகாலையில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் பலியாகினர். இறக்கமும் வளைவும் நிறைந்த மலைப்பாதையை இருளில் கடப்பதைத் தவிர்க்க ஓர் இரவு வாடகை பெரிய விலையன்று. வேன் சாரதிக்கு உறங்க முறையான இடம் கொடுக்கும் விடுதியையே தெரிவு செய்தல் வேண்டும். சாரதியை வேனின் ஆசனத்தில் உறங்கவிட்டுக் குடும்பம் மெத்தையில் உறங்குவது மனிதாபிமானமும் அன்று. மறுநாள் பயணத்துக்குப் பாதுகாப்பும் அன்று.

மழைக் காலத்தையும் கருத்திற்கொள்ளல் வேண்டும். ஊவாவின் பெருமழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்வது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தின் லயன்கள் மண்ணுள் புதைந்ததும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்ததும் இப்பருவத்திலேயே. அப்புயலில் மலையகப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சேதமுற்றது. ஆகவே புகையிரதப் பயணத்தை நம்பி அறை பதிவு செய்யுமுன், எந்த நிலையங்களுக்கிடையே சேவை நடைபெறுகின்றது என்பதைப் புகையிரத நிலையத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் விடுக்கின்றது. செம்மஞ்சள் நிலையிலேயே பயணத்தை ஒத்திவைத்தல் நலம். அவசர வேளையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். மலையை வெட்டி எழுப்பிய விடுதியாயின் மலிவென்றாலும் மழைக் காலத்தில் வேண்டாம்.

சுருங்கக் கூறின், இளையோர் நிறைந்த, அதிகாலை எழுந்து நடக்க விரும்பும் குடும்பம் எல்லயில் ஓர் இரவு தங்கலாம், ஒன்றே போதும். முதியோரும் குழந்தைகளும் உள்ள பெருங்குடும்பம் பண்டாரவளையிலோ பதுளையிலோ தங்கிப் பகலில் எல்லயைக் காணட்டும். எவராயினும் சூரியன் மறையுமுன் தங்குமிடத்தைச் சேர்ந்துவிட வேண்டும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு பெற்ற விடுதிகளின் பட்டியலும், உள்ளூர்க் குடும்பங்களுக்கான வாடகை விபரமும் தமிழ் உட்பட மும்மொழிகளிலும் எல்ல நகரில் காட்சிப்படுத்தப்படல் வேண்டும். விடுமுறை நாட்களில் பண்டாரவளைக்கும் பதுளைக்கும் மாலைவேளை பஸ் சேவைகள் அதிகரிக்கப்படின், அயலூரில் தங்குவோர் தொகை பெருகும். எல்லயின் நெரிசலும் குறையும். வருமானமும் ஒரே ஊரில் தேங்காது ஊவாவின் ஏனைய நகரங்களுக்கும் சென்றடையும்.