திருநங்கை: திருவும் நங்கையும்

“திரு என்றால் ஆண், நங்கை என்றால் பெண். இரண்டும் கலந்தவர் திருநங்கை.” மேடைகளில் இந்த விளக்கத்தைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இப்போது கட்டுரைகளிலும் அச்சேறி, சான்று போலவே எடுத்தாளப்படுகிறது. சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தன்னைப் பெண் என்று உணர்ந்து, அதற்காக வீட்டையும் ஊரையும் இழந்தவளிடம், “உன் பெயரிலேயே பாதி ஆண் இருக்கிறான்” என்று சொல்வதில் வந்து முடிகிறது அந்த விளக்கம். ஆகவே மறுத்தே ஆக வேண்டும்.

முதலில் திரு. ஆண் பெயருக்கு முன்னே திரு என்று எழுதுவது நேற்றைய வழக்கு. ஸ்ரீ, மகாராஜராஜஸ்ரீ என்றெல்லாம் கடிதங்களில் எழுதிவந்ததை நீக்கி, இருபதாம் நூற்றாண்டுத் தமிழியக்கத்தார் நிலைநிறுத்தியது அது. அதற்கு முந்திய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளில் திரு யார்? குறள் 179-ஐப் பாருங்கள். பிறர் பொருளை விரும்பாதவனைத் தேடி வந்து சேர்பவள் அவள். 920-ஐப் பாருங்கள், அவள் கைவிட்டவர்க்கே கள்ளும் கவறும் துணையாகின்றன. இளங்கோ கண்ணகியை நம்முன் நிறுத்தும்போது தாமரையில் இருக்கும் திருவைத்தான் ஒப்புக்கு அழைக்கிறார். கம்பனுக்குச் சீதையே திரு. திருமால் என்ற பெயரில் மால் ஆண், திரு அவன் மார்பில் இருப்பவள். ஸ்ரீயிலிருந்து திரு வந்ததா, திருவிலிருந்து ஸ்ரீ போனதா என்று இரு கட்சியார் இன்னும் வழக்காடுகிறார்கள். இரு கட்சிக்குமே அவள் பெண்தான்.

திரு ஆண் என்றால் திருமதி என்ன ஆவாள்? தன்னை ஆண் என்று உணர்பவரைச் சொல்லும் திருநம்பி என்ற சொல் ஆணும் ஆணும் கலந்தவரையா குறிக்கும்? இந்த இரண்டு கேள்விக்கு மேல் அந்த விளக்கம் நிற்காது.

பழைய சொற்களுக்கு வருவோம். திருநங்கையரைக் குறித்த தொல்பெயர் பேடி. இதைப் பே என்னும் அச்சச் சொல்லோடு ஒட்டி, பேடி என்றால் அஞ்சுபவர் என்று பொருள் செய்வார் உளர். தொல்காப்பிய உரியியல் பே என்பதற்கு அச்சப்பொருள் சொல்வது உண்மை. மலையாளத்தில் பேடி அச்சம், கன்னடத்தில் ஹேடி கோழை, இதுவும் உண்மை. ஆனால் தெலுங்கில் பேடி பால் திரிந்தவரையே குறிக்கும். ஒருவரை இழித்துப் பேசிப் பேசி அந்தப் பெயரையே கோழைக்குச் சூட்டியிருக்கிறார்கள். பொருள் அப்படி இறங்கியிருக்கிறதே தவிர, அச்சத்திலிருந்து பெயர் பிறக்கவில்லை. அந்த இறக்கம் குறளிலேயே தொடங்கிவிட்டது. 614, 727 இரண்டிலும் பேடி கையில் வாளைக் கொடுத்து, பயனில்லாமைக்கு உவமையாக்குகிறார் வள்ளுவர். அவர்மேல் எனக்குள்ள மதிப்பு பெரிது. இந்த இரண்டு இடங்களில் மட்டும் மனம் ஒப்புவதில்லை.

பேடியின் உண்மையான சுற்றம் வேறு. தொல்காப்பிய மரபியல் பெண்பாற் பெயர்களை அடுக்கும்போது பேடை, பெடை, பெட்டை, பெண் என்ற நான்கையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. கெடு கேடு ஆனது போல, படு பாடு ஆனது போல, இந்தக் குடும்பத்தின் குறில் நீண்டு பேடு பிறந்தது. பெள் என்பது வேர். விரும்புதல் என்பது பொருள். பெட்பு, பெட்டல் எல்லாம் அதன் மக்கள். உரியியல் பேணுதலுக்கும் பெட்பையே பொருளாகச் சொல்கிறது. பெண் என்ற சொல்லும் இந்த வேரில்தான் நிற்கிறது. பெண்மையை விரும்பி மேற்கொண்டவர் பேடி என்பது என் துணிபு.

இலக்கணத்தார் இதை அறிந்தே விதி செய்தார்கள். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கு ஆண்பால் வினை பொருந்தாது என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் தெளிவாக விலக்குகிறது. பேடி வந்தாள், பேடியர் வந்தார் என்பதே உரைவழக்கு, வந்தான் இல்லை. நன்னூலார் பவணந்தி இன்னொரு படி போகிறார். எதை விட்டு எதை அவாவுகிறார் என்பதைக் கொண்டே பால் வகுக்கிறார்: பெண்மை விட்டு ஆண்மையை விரும்பினால் ஆண்பால், ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்பினால் பெண்பால். உடம்பைக் கேட்காமல் விருப்பத்தைக் கேட்ட இந்த நூற்பா பதின்மூன்றாம் நூற்றாண்டினது. 2014 ஏப்ரல் 15-ல் உச்சநீதிமன்றம், அவரவர் உணரும் பாலே அவரவர் பால் என்று தீர்ப்பளித்தபோது பவணந்தியைத்தான் நினைத்தேன். அதே நூற்பாவில் இவர்கள் அஃறிணை போலவும் வழங்கப்படலாம் என்று அவர் இடம் விட்டது வருத்தம் தருவது.

சொல்லோடு அது குறித்த பொருளும் நமக்கு வேண்டும். மாதவி ஆடிய பதினோராடலில் ஒன்று பேடு. வாணன் நகரில் சிறைப்பட்ட தன் மகன் அநிருத்தனை மீட்கக் காமன் பெண்கோலம் பூண்டு ஆடிய கூத்து அது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் புகாரின் தெருவிலேயே அந்தக் கூத்து நடக்கிறது. சுருண்ட தாடியும் பூச்சூடிய கூந்தலுமாக ஆடுகிறவரைச் சூழ்ந்து ஊர் நின்று பார்க்கிறது. சாத்தனார் அந்த ஒப்பனையை ஒவ்வோர் உறுப்பாக, ஆசையோடு எழுதியிருக்கிறார். நாலடியாரிலோ, முற்பிறப்பில் பிறன்மனை விரும்பியவரே இப்பிறப்பில் அலியாகி ஆடிப் பிழைப்பவர் என்ற கதை வந்துவிடுகிறது. ஆடல் அதே ஆடல். பார்ப்பவர் கண்தான் மாறிவிட்டது.

அலி என்பதை அல் என்னும் எதிர்மறையின் அடியாகச் சொல்வார்கள். ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல என்று. அதை நான் மறுக்கவில்லை. இல்லாததைக் கொண்டு ஒருவருக்குப் பெயரிட்ட சொல் அது. சு. சமுத்திரம் 1994-ல் வாடாமல்லி எழுதியபோதும் ஊர் வாயில் அந்தச் சொல்தான் இருந்தது. திரைப்பட நகைச்சுவைக் காட்சிகள் அதையும் ஒன்பது என்பதையும் பல ஆண்டுகள் வசையாகவே பரப்பின.

பிறகு வந்தது அரவாணி. இதையும் அரவு, ஆணி என்று உடைத்துக் கதை சொல்கிறார்கள். பாரதக் கதையின் அரவான் வடமொழி இராவான். நாக கன்னி உலூபியின் மகன் என்பதால் தமிழில் அரவு வாடை ஏறியிருக்கிறது, அவ்வளவே. இந்திரன் மனைவி இந்திராணி, ருத்திரன் மனைவி ருத்திராணி. அந்த வாய்பாட்டில் அரவான் மனைவி அரவாணி. சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் அவன் பெயரில் தாலி கட்டிக்கொண்டு, அவன் களப்பலி முடிந்ததும் அதை அறுத்து அழுகிறவர்களுக்குப் பொருந்திய பெயர்தான். 2008-ல் தமிழக அரசு அமைத்த நல வாரியமும் அந்தப் பெயரில்தான் தொடங்கியது. ஆனால் பிறந்ததிலிருந்து இறப்பது வரை ஒருத்தி அரவானின் விதவையாகவே அறியப்பட வேண்டுமா? அந்தப் பெயரைத் தாண்டி வந்தவர்களின் நியாயம் எனக்கு விளங்குகிறது. நான் வித்யா போன்ற தன்வரலாற்றைப் படித்தவர்களுக்கும் விளங்கும். கூவாகத்தில் ஓரிரு நாள், மற்ற நாளெல்லாம் கடை கடையாகக் காசு கேட்டலும் வேலை தேடலும் வாடகைக்கு வீடு தேடலும்தான்.

அரவாணிக்கு மாற்றாகத் திருநங்கை வந்து நிலைத்தது. முதலில் வழங்கியவர் யார் என்ற வழக்கில் நான் புகவில்லை. 2022 ஆகஸ்டில், சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் நடந்த வழக்கின் விளைவாக, இத்தகைய பாலினச் சொற்களின் பட்டியல் அரசிதழிலும் ஏறியது. அதில் உள்ள திருநர் இலக்கணக்காரர் முகத்தைச் சுளிக்க வைக்கும். ஓட்டுநர், பாடுநர் என நர் வினையடியோடுதான் சேரும். ஆனாலும் நங்கைக்கும் நம்பிக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டியிருந்தது, வழங்கட்டும். ஆண், பெண் உடற்கூறுகளுக்கு இடைப்பட்ட உடலோடு பிறந்தவரைக் குறிக்கும் ஊடுபால் அருமையான ஆக்கம்.

இனி நங்கை. நல் என்பதிலிருந்து நங்கை வந்தது என்பார்க்கு ஒரு வரி போதும்: நல்லோடு கை சேர்ந்தால் நற்கை. அடியிலிருப்பது நம். தம் சேர்ந்து தங்கை, தம்பி ஆனது போலவே நம் சேர்ந்து நங்கை, நம்பி ஆயின. சங்க இலக்கியத்தில் எங்கை என் தங்கை, நுங்கை உன் தங்கை. பரத்தையைப் பேசும்போதும் தலைவி எங்கை என்றே சொல்கிறாள். நங்கை பின்னர்தான் உயர்ந்த பெண்ணுக்கும் தெய்வத்துக்கும் ஆனது. நம்மாழ்வாரின் தாய் உடையநங்கை. அந்த ஆழ்வாரே பாட்டில் பராங்குச நாயகியாகிப் பெண்ணாகப் பேசியவர். நவராத்திரிக்குச் சுசீந்திரத்திலிருந்து திருவனந்தபுரம் எழுந்தருள்பவள் முன்னுதித்த நங்கை. கொங்குப் பக்கத்தில் இன்னும் உறவுமுறைச் சொல்லாகவே இருக்கிறது. இலக்கண உரைகளில் உயர்திணைக்கு எடுத்துக்காட்டு வேண்டிய இடமெல்லாம் நம்பியும் நங்கையுமே வந்து நிற்கிறார்கள். நன்னூலார் அஃறிணைக்கு விட்ட இடத்தை இந்தச் சொல் அடைத்துவிட்டது.

ஆகவே திருநங்கையில் ஆண் எங்கும் இல்லை. திருவும் பெண், நங்கையும் பெண். அந்த நங்கையின் உள்ளே இருக்கும் நம் நாம்தான். அவள் நம் தங்கை. அகராதிகள் இனி அப்படித்தான் பொருள் எழுத வேண்டும்.