சிந்தாமணியின் முதற்பதிப்பு

சீவகசிந்தாமணிக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் மதுரையைச் சார்ந்தவர். அவர் முதலில் எழுதிய உரையைச் சமணச் சான்றோர் ஏற்கவில்லை என்றும், பின்னர்ச் சித்தாமூரில் ஆருகத நூல்களைக் கற்று மீண்டும் எழுதினார் என்றும் செவிவழிச் செய்தி உண்டு.

அச்சிலும் ஏறத்தாழ அதுவே நிகழ்ந்தது. 1868-இல் நாமகள் இலம்பகம் மட்டும் வெளிவந்திருந்தது. முழுநூலை உ.வே.சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்தார். சுவடி கையில் இருந்தும் சமயக் கருத்துகள் அவருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் வீதியை நாடிச் சென்றபோது, அங்கே சிந்தாமணி படித்து நிறைவேற்றும் விழா! தமிழ்ப் புலவர் பலரும் மறந்திருந்த காப்பியம் இல்லறத்தார் வீட்டில் முறையாக ஓதப்பட்டு வந்தது. சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் அவர் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார்.

1907, 1922 ஆம் ஆண்டுப் பதிப்புகள் திருத்தம் மிக்கவை; கற்போர்க்கு அவையே ஏற்றவை. ஆயினும் முதற்பதிப்பின் மதிப்பு பழமையாலோ விலையாலோ வந்ததன்று. சிராவகர் இல்லங்களில் தலைமுறையாகக் காக்கப்பட்ட பொருளறிவு, வேற்றுச் சமயத்தார் ஒருவர் பணிந்து கேட்டமையால், முதன்முறையாக அச்சேறி யாவர்க்கும் உரியதாயிற்று. பிற்பதிப்புகளோடு அதனை அருகருகே வைத்து நோக்குவார்க்கே, ஐயர் எங்கே ஐயுற்றார், எங்கே தெளிந்தார் என்பது புலப்படும்.