கம்பம் பள்ளத்தாக்கில் ஹஜ்ஜுப் பெருநாள்

ஹஜ்ஜுப் பெருநாள் என்பது இசுலாமிய நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதமான துல்ஹஜ் 10 ஆம் நாள் கொண்டாடப்படும் பெருநாள் ஆகும். இது ஈதுல் அள்ஹா, தியாகத் திருநாள், பக்ரீத் எனவும் அழைக்கப்படுகிறது. பக்ரீத் என்னும் பெயர் ஆட்டைக் குறிக்கும் உருதுச் சொல்லிலிருந்து வந்தது என்றும், மாட்டைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்றும் இரு கருத்துகள் உண்டு. தேனி மாவட்டத்தில் முல்லைப் பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கில், குறிப்பாகக் கம்பம், உத்தமபாளையம் ஆகிய ஊர்களில், இராவுத்தர் சமூகத்தினர் கணிசமாக வாழ்கின்றனர்.

பின்னணி

இறைத்தூதர் இப்ராகீம் தம் மகனைப் பலியிடுவதாகக் கனவு கண்டு, அதை இறைகட்டளையாக ஏற்று முன்வந்ததும், மகனுக்கு ஈடாக ஒரு பலிப்பிராணி அளிக்கப்பட்டதும் இப்பெருநாளின் அடிப்படை ஆகும். குர்ஆனின் 37 ஆம் அத்தியாயம் இதைக் கூறுகிறது. அங்கு மகனின் பெயர் இல்லை. அவர் இசுமாயீல் என்பதே முசுலிம்களிடையே பரவலான கருத்து. பலியின் இறைச்சியோ குருதியோ இறைவனைச் சேர்வதில்லை, இறையச்சமே சேர்கிறது என்பது 22 ஆம் அத்தியாயத்தின் கருத்து.

மக்காவில் ஹஜ் கடமை நிறைவேற்றப்படும் நாட்களும் இவையே. ஹஜ் செய்தவர் ஹாஜி எனப்படுவார். உத்தமபாளையத்தில் 1956 இல் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியின் பெயரிலும் இப்பட்டம் காணப்படுகிறது.

தொழுகையும் குர்பானியும்

தமிழகக் கடலோர மரைக்காயர்கள் ஷாஃபி சட்டநெறியைச் சார்ந்தவர்கள். இராவுத்தர்கள் ஹனஃபி நெறியினர். இவ்வேறுபாடு பெருநாளில் வெளிப்படையாகத் தெரியும். ஹனஃபி முறைத் தொழுகையில் இரண்டு ரக்அத்துகளிலும் மும்மூன்றாக ஆறு கூடுதல் தக்பீர்கள் சொல்லப்படும். ஷாஃபி முறையில் ஏழும் ஐந்துமாகப் பன்னிரண்டு. ஷாஃபி நெறியில் குர்பானி வலியுறுத்தப்பட்ட நபிவழி. ஒரு வீட்டுக்கு ஒன்று போதுமானது. ஹனஃபி நெறியிலோ அது வசதியுள்ள ஒவ்வொருவர் மீதும் கடமை (வாஜிப்). எனவே தனித்தனியே போதிய சொத்துள்ள கணவனும் மனைவியும் இரண்டு குர்பானிகள் கொடுக்க வேண்டும்.

ஆடு ஒருவருக்கு ஒன்று. மாட்டில் ஏழு பேர் வரை பங்கு சேரலாம். தனி ஆடு வாங்க இயலாதவர்களுக்குக் கூட்டுக் குர்பானி உதவுகிறது. வெள்ளாட்டுக்கு ஓராண்டும் மாட்டுக்கு இரண்டாண்டும் நிறைந்திருக்க வேண்டும். பெருநாள் தொழுகை நடைபெறும் ஊரில் தொழுகைக்கு முன் அறுத்தால் அது குர்பானி ஆகாது, வெறும் இறைச்சியே. துல்ஹஜ் 12 ஆம் நாள் சூரியன் மறையும் வரை அறுக்கலாம். ஷாஃபி நெறியில் 13 வரை. இறைச்சியைத் தமக்கு, உறவினர்க்கு, ஏழைகளுக்கு என மூன்றாகப் பிரிப்பது சிறந்தது எனினும் கட்டாயமன்று. பிற சமய அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம். அறுப்பவரின் கூலியை இறைச்சியாகவோ தோலாகவோ கொடுக்கக் கூடாது என்பது பலர் கவனிக்கத் தவறும் விதி. தோலை விற்றால் அப்பணம் ஏழைகளுக்கு உரியது.

பிறையும் நாளும்

கம்பத்திலிருந்து கூடலூர் வழியாக மலையேறினால் குமுளி. அங்கிருந்து கேரளம் தொடங்குகிறது. ஏலத் தோட்டங்களால் இப்பள்ளத்தாக்கின் மக்களுக்கு இடுக்கியுடன் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆனால் இரு மாநிலங்களின் பிறை அறிவிப்புகளும் வேறானவை. 2024 இல் நோன்புப் பெருநாள் கேரளத்தில் ஏப்ரல் 10 அன்றும் தமிழ்நாட்டில் ஏப்ரல் 11 அன்றும் வந்தது. அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாள் இரண்டு மாநிலங்களிலும் சூன் 17 அன்றே அமைந்தது; சவூதி அரேபியாவிலோ சூன் 16. ஹாஜிகள் அரஃபாவில் நின்றது சூன் 15 அன்று. அந்நாளுக்குரிய சிறப்பு நோன்பை அன்றே நோற்பதா, உள்ளூர்ப் பிறைப்படி மறுநாள் நோற்பதா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. உள்ளூர்ப் பிறையையே மரபான ஜமாஅத்துகள் பின்பற்றுகின்றன.

சந்திர ஆண்டு சுமார் 11 நாட்கள் குறைவானதால் பெருநாள் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்கிறது. 2025 இல் அது சூன் 7 அன்று வந்தது.