பூட்டிய அலமாரியில் தொடங்கியது

நேபாளத்தின் லம்ஜுங் மாவட்டத்தில், மர்ஸ்யாங்டி ஆற்றுக்கு மேலே ஒரு மலைமுகட்டில் இருக்கிறது பாகுன்டாண்டா. அன்னபூர்ணாவைச் சுற்றி நடக்கப் போகிறவர்களின் பாதையில் உள்ள ஊர். 1998இல் அப்படி நடந்து வந்த மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஜான் வுட், அங்குள்ள பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனார். 450 பிள்ளைகள் படித்த பள்ளி. நூலகம் என்று ஓர் அறையும் இருந்தது, ஆனால் உள்ளே ஒரு புத்தகத்தையும் காணோம். எங்கே என்று கேட்டதும் பூட்டியிருந்த அலமாரியைத் திறந்து காட்டினார்கள்.

மலையேற வந்தவர்கள் விட்டுப்போன புத்தகங்கள் அவை. ஒரு காதல் நாவல், இத்தாலிய மொழியில் உம்பர்ட்டோ எக்கோவின் தடித்த நாவல், மங்கோலியாவுக்கான பயண வழிகாட்டி. பிள்ளைகள் கை பட்டுக் கெட்டுப்போகக் கூடாதே என்றுதான் அந்தப் பூட்டு.

அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருப்பதே நாலு புத்தகம் என்றால் யாரும் பூட்டித்தான் வைப்பார்கள். நான் படித்த பள்ளியிலும் சாவி ஆசிரியரிடம்தான் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று புத்தகங்களின் முதுகில் இருந்த பெயர்களை மட்டும் படித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது புத்தகம் கொண்டுவாருங்கள் என்று பாகுன்டாண்டா பள்ளியின் தலைமையாசிரியர் வுட்டிடம் கேட்டுக்கொண்டார். அவர் நண்பர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கொலராடோவில் அவருடைய பெற்றோர் வீட்டில் புத்தகங்கள் வந்து குவிந்தன, 3,000 வரை. மறு வருடம் அப்பாவையும் அழைத்துக்கொண்டு, பொதிமிருகங்கள் மேல் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிறகு வேலையை விட்டார். நேபாளத்தில் தினேஷ் சிரேஷ்டா, அமெரிக்காவில் எரின் கஞ்சு ஆகியோரோடு சேர்ந்து அவர் வளர்த்த அமைப்புதான் ‘ரூம் டு ரீட்’. பள்ளியோ நூலகமோ வேண்டும் என்று கேட்கும் ஊர் தன் பங்காக நிலமோ உழைப்போ தர வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. அது நல்ல நிபந்தனை என்றே நினைக்கிறேன். தன் கையால் கல் சுமந்து கட்டியதை ஊர் அநாதையாக விடாது.

பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. மலைக்குப் போனவை ஆங்கிலப் புத்தகங்கள். வீட்டில் நேபாளியோ குருங் மொழியோ பேசும் ஆறு வயதுப் பிள்ளை அவற்றில் படம் பார்க்கலாம், படிக்க முடியாது. அதன் மொழியிலோ கதைப் புத்தகங்கள் மிகக் குறைவு. வாங்கக் காசு இல்லாத ஊருக்காக எந்தப் பதிப்பாளர் அச்சடிப்பார்? ஆகவே ரூம் டு ரீட்காரர்களே உள்ளூர் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் தேடிப்பிடித்துப் பதிப்பிக்க ஆரம்பித்தார்கள். இலங்கைக்குச் சென்றபோது சிங்களத்தோடு தமிழிலும் கதைப் புத்தகங்கள் வந்தன.

தாய்மொழிப் புத்தகம் வந்த பின்னும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ஆசிரியர் ஒரு வரி சொல்ல, வகுப்பே கோரஸாகத் திருப்பிச் சொல்லும். பிள்ளைக்குப் பாடம் முழுக்க மனப்பாடம். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேட்டால் முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால்தான் அதற்குப் பிடிபடும். எழுத்து தெரியாது, பாட்டு தெரியும். இதை நன்கொடைப் புத்தகம் சரிசெய்யாது. ஆகவேதான் ஆசிரியர் பயிற்சி பிறந்தது. ஓர் எழுத்து, அதன் ஒலி, அடுத்த எழுத்து, இரண்டையும் கூட்டிச் சொல், பிறகு கற்ற எழுத்துகளை மட்டும் வைத்து ஒரு சின்ன வாக்கியம். சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடாமல், பயிற்றுநர் பிறகு வகுப்பிலேயே வந்து உட்கார்ந்து பார்த்து, உடனிருந்து திருத்துவார். 2011இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு ஒன்று இந்த அமைப்புக்குக் கிடைத்தது.

இந்த அமைப்பு அமைக்கும் நூலகங்களில் புத்தகங்கள் அட்டை தெரிய அடுக்கியிருக்கும். எளியது எது, கடினம் எது என்று பிள்ளையே கண்டுகொள்ள நிறக்குறி ஒட்டியிருக்கும். தட்டுகள் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும்.