மண் காத்த ஆடைகள்

மத்தியகால ஐரோப்பியப் பெண் என்றதும் நம்மிற் பலருக்குத் திரைப்படங்களே நினைவில் எழும். கூம்புத் தொப்பி, வெல்வெற் அங்கி, மினுங்கும் கற்கள். மேலைநாடுகளிலோ பழங்கால வாழ்வை உடுத்தும் நடித்தும் பார்க்கின்ற குழுக்கள் பல உள்ளன. அமெரிக்காவின் பேர்க்லி நகரில் 1966இல் இதற்கெனவே ஒரு சங்கம் தோன்றியது. இக்குழுக்களில் அக்கறையுள்ள பெண்கள், துணியை வெட்டுமுன் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இதற்கு ஆதாரம் என்ன?" பாடசாலை மேடைக்கு வரலாற்று நாடகம் பழக்குபவன் என்ற வகையில் அக்கேள்வி என்னையும் பிடித்துக்கொண்டது.

ஆதாரம் எளிதிற் கிடைப்பதில்லை. துணி மண்ணில் மக்கிப்போகும். ஓவியங்களும் கல்லறைச் சிற்பங்களும் பெரும்பாலும் அரசியரையும் பிரபுகுலத்தாரையுமே காட்டுகின்றன. தையல் எங்கே ஓடுகிறது என்பதை அவை சொல்வதில்லை. அப்படியானால் ஒரு குடியானவன் மனைவி எதை உடுத்தாள்?

நேயர்களே, அதற்கு விடை தந்தது தென் கிறீன்லாந்திலுள்ள ஓர் இடுகாடு. ஹெர்யோல்ஸ்னெஸ் என்பது அதன் பெயர். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐஸ்லாந்திலிருந்து வந்த நோர்ஸ் மக்கள் குடியேறிய பகுதி அது. கடல் அரித்துக்கொண்டிருந்த அவ்விடத்தை 1921இல் டென்மார்க் அறிஞர் போல் நோர்லுண்ட் அகழ்ந்தார். உறைந்த மண்ணுக்குள், வேர்கள் ஊடுருவிய நிலையில், 14ஆம் 15ஆம் நூற்றாண்டுகளின் கம்பளி ஆடைகள் கிடந்தன. மரம் அரிதான நாட்டில் எல்லோருக்கும் பிரேதப்பெட்டி வாய்க்கவில்லை. அணிந்து பழசான உடுப்பே பலருக்கு இறுதிப் போர்வையாயிற்று.

கொப்பன்ஹேகன் தேசிய நூதனசாலை காத்துவரும் அவ்வாடைகளை ஆராய்ந்து, எல்சே ஒஸ்ரர்கோர்ட் என்ற பெண்மணி 2004இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். அவரும் வேறிருவரும் சேர்ந்து, தைப்பதற்கான அளவுப்படங்களை 2011இல் நூலாக்கினர். நீண்ட அங்கி தோளில் அளவாகப் பொருந்தும். முன்னும் பின்னும் விலாவிலும் பொருத்திய முக்கோணத் துண்டுகளால் கீழே செல்லச்செல்ல அகன்று விரியும். நடக்கவும் குனியவும் பால் கறக்கவும் தடையில்லாத வெட்டு அது. நூற்றவர்களும், பாவுநூலிற் கல் தொங்கவிட்ட நிலைத்தறியில் நெய்தவர்களும் பெண்களே. அந்த அங்கியைக் கையால் தைத்துப் பார்ப்பவருக்கு ஒரு முழத் துணியின் விலை புரியும்.

அக்குடியேற்றத்தைப் பற்றிய எழுத்துப் பதிவு 1408இல் நடந்த ஒரு திருமணத்தோடு நின்றுவிடுகிறது. பின்னர் அம்மக்கள் அங்கிருந்து மறைந்தனர். அவர்களின் பெண்கள் ஏடெழுதி வைக்கவில்லை. அவர்கள் நூற்று நெய்த உடுப்பே அவர்களுக்காகப் பேசுகின்றது.

நமது மேடையிலும் சோழ அரசி இன்றைய மணப்பெண்ணின் பட்டும் சரிகை இரவிக்கையுமாக வருகிறாள். தஞ்சைப் பெருங்கோயிற் சுவரோவியங்கள் காட்டும் கோலம் வேறு. அதை அப்படியே மேடையேற்ற நமது கால நாணம் இடந்தராமற் போகலாம். எதை மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம் என்பதையாவது மாணவருக்குச் சொல்லிவைப்போம். இறந்தோர் திரும்பி வந்து திருத்தமாட்டார்கள் என்பதனாலேயே அந்தக் கடன் நம்முடையதாகின்றது.