ஊரார் கையெழுத்து இல்லாத கோப்புகள்

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் செயிண்ட் கில்டா என்றொரு தீவு. அங்கே மிஞ்சியிருந்தவர்கள் 36 பேர். தங்களை வெளியே அழைத்துப் போகச் சொல்லி 1930 மே மாதம் ஊராரே கையெழுத்திட்டு அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 29 அன்று கப்பலேறினார்கள். அந்த மனு எடின்பரோ ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. தீவில் வாழ்ந்த காலத்தில் ஆண்கள் தெருவில் கூடி அன்றைய வேலையை முடிவு செய்வார்கள். அதற்குப் புகைப்படமே உண்டு.

கோவையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது ஆனைகட்டி. அதைச் சுற்றியுள்ள இருளர் ஊர்களிலிருந்து, ஊரார் வாய்ச்சொல்லாக அப்படி ஒரு காகிதமாவது கிடைக்குமா என்று தேடத் தொடங்கினேன்.

முதல் சிக்கல் எல்லை. கொடுங்கரைப் பள்ளத்துக்கு இக்கரை தமிழ்நாடு, அக்கரை கேரளத்தின் அட்டப்பாடி. 1956 நவம்பர் 1 வரை இரண்டும் சென்னை ராஜதானியிலும் பிறகு சென்னை மாநிலத்திலும்தான் இருந்தன. ஆனால் இக்கரை கோவை மாவட்டம். அக்கரை மலபார் மாவட்டத்து வள்ளுவநாடு தாலுகா. பெண் கொடுத்து எடுத்த சனத்துக்கு இரண்டு கலெக்டர்கள். அதனால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேடவேண்டும், கோழிக்கோடு ஆவணக் காப்பகத்திலும் தேடவேண்டும்.

தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் 1909இல் வந்தவை. இரண்டாம் தொகுதியில் இருளர் வருகிறார்கள். ஆவலோடு புரட்டினால், பேச்செல்லாம் நீலகிரி இருளரையும் செங்கல்பட்டு இருளரையும் பற்றித்தான். வில்லியம் லோகனின் 1887ஆம் ஆண்டு மலபார் மேனுவலுக்குப் போனேன். நில உரிமையை அவர் அளவுக்குத் துருவியவர் குறைவு. ஆனால் அந்த உரிமையின் நடுவே நிற்பவர் ஜன்மி என்னும் நிலக்கிழார். சாமூதிரி குடும்பம், மண்ணார்க்காடு மூப்பில் நாயர் என அட்டப்பாடியின் ஜன்மிகளுக்குப் பெயர் உண்டு. காட்டைத் திருத்தி ராகியும் சாமையும் துவரையும் விதைத்தவருக்கு இல்லை.

அந்தப் பெயர்களும் முறைகளும் ஊரில்தான் இருக்கின்றன. இருளர் ஊருக்குத் தலைவர் மூப்பன், அவருக்குத் துணை குருதலை, பொதுப்பணம் பண்டாரியிடம். நான்காமவர் மண்ணுக்காரன். விதைக்க நாள் பார்ப்பது அவர். பூசை செய்து அவர் முதல் விதை போட்ட பிறகுதான் மற்றவர் காட்டில் கைவைப்பார்கள். தவிலும் பொரையும் முழங்க ஊரே சேர்ந்து விதைக்கும் கம்பளம் இவர்களுடையது. செயிண்ட் கில்டாவின் தெருக்கூட்டத்துக்கு எந்த வகையிலும் குறையாத ஆட்சிமுறை இது. படமெடுக்க அன்று யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

காகிதம் இல்லாததன் விலை பெரியது. 1951இல் அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடிகள். கோவைப் பக்கமிருந்தும் திருவிதாங்கூரிலிருந்தும் குடியேற்றம் பெருகி, 2001இல் அவர்கள் பாதிக்கும் கீழே. 1960 முதல் 1982 வரை கைமாறிய பழங்குடி நிலத்தைத் திருப்பித் தரச் சொன்னது 1975ஆம் ஆண்டின் கேரளச் சட்டம். அதற்கு விதிகள் வரவே 1986 ஆயிற்று. 1999இல் வந்த சட்டமோ, வாங்கியவர் 2 ஹெக்டேர் வரை வைத்துக்கொள்ள வழிவிட்டது. நிலத்தை மீட்கப் போகிறவரிடம் அதிகாரி முதலில் கேட்பது பத்திரத்தைத்தான்.

கோவையிலும் பாலக்காட்டிலும் பழைய குடும்பங்களின் பரணில் அட்டப்பாடிக் குத்தகைச் சீட்டுகளும் பாட்ட ரசீதுகளும் கிடக்கலாம். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நகலை ஆவணக் காப்பகத்துக்கும், இன்னொன்றை அந்த ஊர் மூப்பனுக்கும் கொடுங்கள்.